கட்டுப்படியாகும் வாடகை

வாடகை ஒரு குடும்பத்துக்குக் கட்டுப்படியாகிறதா என்று பார்க்க எங்கள் அலுவலகத்தில் ஒரே அளவுகோல்தான். வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகைக்குப் போனால் உதவித்தொகை உண்டு. போகாவிட்டால் கையை விரித்துவிடுவோம். இதைக் கண்டுபிடித்த மகானுபாவர் சொந்த வீட்டுக்காரராகத்தான் இருப்பார் என்பது என் சந்தேகம். அவருக்காக மாடிப்படி ஏறி மூச்சு வாங்குவது நான்.

அன்று ஏறியது நான்காவது மாடி. மருத்துவமனையில் துணி தேய்க்கும் ஓர் அம்மாவும் அவர் மகளும் இருக்கும் ஒற்றை அறை. அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே தொங்கிய பழைய புடவைதான் சமையலறைச் சுவர். ஜன்னல் கம்பியில் ஒரு பள்ளிப் பை காய்ந்துகொண்டிருந்தது. ஒரு வருடமாக அதில் உருளைக்கிழங்கு போட்டு வைத்திருந்தாராம், காலையில்தான் துவைத்தாராம். கிழங்குகள் தரையில் கிடந்தன.

போன வருடம் வாடகை ஏறியபோது மகள் படிப்பை நிறுத்திவிட்டு பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் வேலைக்குப் போனாள். பள்ளியை முடிக்க ஒரே ஒரு வகுப்புதான் பாக்கி. உதவி கிடைத்தால் இந்த வாரமே சேர்த்துவிடுவதாக அம்மா பள்ளியில் பேசி வைத்திருந்தார்.

இரண்டு சம்பளத்தையும் கூட்டிப் பார்த்தேன். வாடகை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழே நின்றது. மறுபடி கூட்டினேன். கால்குலேட்டருக்கு ஏது ஈவு இரக்கம். மகள் சம்பளத்தை எடுத்துவிட்டால் பாதிக்கு மேல் வாடகைக்கே போகிறது. இந்தப் பெண் படிப்பை விட்டதால்தான் வாடகை கட்டுப்படியாகிறது என்பதைக் கேட்க எங்கள் படிவத்தில் இடமே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெளியே போய் மேலதிகாரிக்குப் போன் செய்து, அவளைக் கணக்கில் சேர்க்காமல் விடலாமா என்று கெஞ்சினேன். அவர் கெட்டவரில்லை, விதியைத்தான் படித்தார். வேலையை விட்டு மூன்று மாதம் ஆகியிருந்தால் சேர்க்க வேண்டாம் என்றார்.

திரும்பி வந்தபோது மகள் வேலை முடிந்து வந்திருந்தாள்.

"நாங்க பாஸா, ஃபெயிலாக்கா?" என்றாள்.

"வாடகை உங்களுக்குக் கட்டுப்படியாகுதுன்னு வருதும்மா."

அவள் முகம் மலர்ந்தது. அது நல்ல சேதி இல்லை என்று நான் விளக்க வேண்டியிருந்தது. மூன்று மாத விதியையும் சொன்னேன்.

"அவ்வளவுதானே, நாளைக்கே வேலைய விட்டுடறேன்."

அதுவரை நின்றுகொண்டே இருந்த அம்மா தரையில் உட்கார்ந்தார். "அந்த மூணு மாசம் வாடகைய யாரு குடுப்பா? உதவி வர்றப்போ இந்த வீட்டுல நாம இருக்கணுமே."

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் காகிதங்களை எடுத்து வைக்கும்போது மகள் ஜன்னலருகே போய்ப் பையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னும் ஈரமா இருக்கும்மா. காஞ்சதும் கிழங்க உள்ள போட்டுடு."