கூடத்துக் காற்றில் குஞ்சுகள்

பொரித்த எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு, நாற்பத்து மூன்று கோமாளி மீன் குஞ்சுகள் கண்ணாடித் தொட்டியை விட்டு வெளியே வந்து கூடத்துக் காற்றில் நீந்தின. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் வீட்டுக்காரி முதலில் அவற்றை எண்ணினாள். ரத்த அணுக்களை எண்ணுவதுதானே அவள் பிழைப்பு. இதற்கு முன் ஆறு ஈடு குஞ்சுகள், உடம்பில் வெள்ளைப் பட்டை விழும் இதே எட்டாம் நாளில் கூண்டோடு போயிருந்தன. இதுவும் போனால் தொட்டியைத் தூக்கிக் கொடுத்துவிடுவதென்று மனதைக் கல்லாக்கி வைத்திருந்தாள். தொட்டிக்குள் தங்கியவை மதியத்துக்குள் செத்தன, வெளியே வந்தவை பிழைத்தன. நான்கு வருஷமாகத் தொட்டியிலிருந்து ஆவியான கடல்நீர் அந்த அடைத்த கூடத்தை விட்டு எங்கும் போகவில்லை. நம்பாதவர்கள் சுவரை நக்கிப் பார்க்கலாம், கரிக்கும்.

லிப்ட் ரிப்பேர் பார்க்கும் கணவன் மதியம் சாப்பிட வந்தான். நான்கு வருஷமாக அந்த மீன்களைக் கரித்துக் கொட்டியவன். வியர்த்து விறுவிறுத்து வந்தவனின் கை நேராக மின்விசிறி சுவிட்சுக்குப் போனது.

“ஐயோ, போடாதீங்க! அத்தனையும் செதறிடும்!”

“அப்ப நான் வெந்து சாகணுமா?” என்றான். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, விசிறியையே கழற்றிப் பரணில் வைத்தான். இறங்கி நின்றபோது தலை தொப்பலாக நனைந்திருந்தது. கோமாளி மீன், கடலடியில் பூப்போல விரிந்து கிடக்கும் கடல் சாமந்தியின் கைகளுக்குள் ஒண்டி வாழும் ஜாதி. அவனுடைய உப்பேறிய சுருட்டை முடியைக் கண்டதும் நாற்பத்து மூன்றும் போய்ப் புகுந்துகொண்டன.

அவளுக்கு வயிறு எரிந்தது. “கண்ணு முழிச்சுத் தீனி கலக்கினது நானு. உங்ககிட்ட ஓடுதுங்க, நன்றி கெட்டதுங்க!”

“நானா கூப்பிட்டேன்?” என்றான், தலையை ஆட்டாமல். மூன்று நாள் அவள் அவனோடு பேசவில்லை.

அவன் வேலைக்குக் கிளம்பினால் அவை இறங்கி மேஜையோரம் காத்திருக்கும், திரும்பியதும் ஏறிக்கொள்ளும். சீப்பு பீரோவுக்குள் போனது. முடிவெட்டும் பேச்சையே அவள் எடுக்கவிடவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து, இரண்டு மீன்கள் அவனுடைய இடது காதின் பின்புறத்தைக் கொத்திச் சுத்தம் செய்து முட்டையிட்டன. பூதக்கண்ணாடி வைத்து எண்ணினாள், இருநூற்றுப் பன்னிரண்டு. “அசையாதீங்க” என்றாள். இந்தத் தடவை ஒன்றுகூடச் சாகக் கூடாது என்று அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பொரிக்கப் பத்து நாள், அந்த எட்டாம் நாளைத் தாண்ட எட்டு நாள் என்று கணக்குப் போட்டு, அவன் ஒருக்களித்துப் படுத்தபடியே விடுப்புக் கடிதம் எழுதி, காரணம் என்ற இடத்தில் பிரசவம் என்று போட்டான். மேலாளர் போனில் கூப்பிட்டு யாருக்கு என்று கேட்டார்.

“எனக்குத்தான் சார்.”

அவர் கேட்ட பதினெட்டு நாளும் விடுப்புக் கொடுத்தார். கனமான எதையும் தூக்க வேண்டாம் என்றும் சொன்னார்.