தணிகைவேல் கெட்டவனாகப் பார்த்த பங்குனி

குருவிநத்தத்துத் தணிகைவேல் பிறக்கும்போதே கெட்டவன் இல்லை. முப்பத்தாறு வயது வரைக்கும் எறும்புப் புற்று குறுக்கே வந்தால் ஏரை ஒதுக்கி ஓட்டிய ஆள். அவனைக் கெட்டவனாக்கியது ஒரு கொப்பரை கரும்புப் பாகும், அதற்குள் அவன் முழுகிக் கிடந்த நேரத்தில் ஆலைக்கார உலகநாதன் சொன்ன ஒரு வார்த்தையும்தான்.

வெள்ளைக்காரர்களில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் நம்மை ஆண்டுகொண்டிருந்த காலம். அந்த வருஷம் பங்குனியில் ஏரி பாதிக்குமேல் வற்றியிருந்தது. வாய்க்கால் உலகநாதன் நிலத்தைத் தாண்டித்தான் கடைமடையில் கிடக்கும் தணிகைவேலின் அரைக்காணிக்கு வரவேண்டும். சனிக்கிழமை தணிகைவேல் முறை. ஆனால் மூன்று சனிக்கிழமையாக உலகநாதன் மடையில் மண்ணும் வைக்கோலும் அடைத்துத் தண்ணீரைத் தன் கரும்புக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். நவரை நெல் பால் பிடிக்கிற நேரம். இன்னும் எட்டு நாளில் தண்ணீர் ஏறாவிட்டால் கதிர் முழுக்கப் பதர். அந்த அரைக்காணியை விட்டால் தணிகைவேலுக்கு வேறு பிழைப்பு உலகநாதனுடைய ஆலைக் கொட்டகையில் பாகு கிண்டுவது மட்டும்தான். சண்டையும் அங்கேதான் நடந்தது.

"இந்த சனிக்கெழமையாவது மடையத் தொறண்ணே. பயிரு காயுது."

"வெட்டின கரும்ப மறுதாம்பு தழைய வுட்டிருக்கேன்டா. அதுக்கு யாரு தண்ணி காட்டுவா? ஒங்கப்பனா வந்து காட்டுவாரு?"

தணிகைவேலுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் ஓரடி பின்னால் வைத்து, துண்டை உதறி, அதற்கப்புறம் பேசுவது அவன் வழக்கம். அன்றைக்குப் பின்னால் இருந்தது பாகு கொதிக்கிற கொப்பரை.

வெற்றிலை போட்டு முதல் எச்சில் துப்புகிற நேரம் உள்ளே இருந்தான். பாகு காதை அடைத்திருந்தும் உலகநாதன் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஐயையோ, பாகு கெட்டுதே!"

ஆள் போச்சே என்று சொல்லவில்லை. பாகு கெட்டதாம். இரண்டு பேர் கொக்கி போட்டுத் தூக்கி வெளியே போட்டார்கள். உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை. மீசை நுனி இரண்டிலும் வெல்லம் கட்டியிருந்தது. அதை எறும்பு தின்று தீர்க்க மூன்று நாள் ஆயிற்று. பாகும் கெடவில்லை. மதகடிப்பட்டு வியாபாரி ஒருவர் அந்தப் பாகில் பிடித்த வெல்லத்தை வாயில் போட்டுப் பார்த்து, இதேபோல் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. பாய் பழுப்பாகி, அவன் படுத்த உருவத்துக்குப் பொசுங்கியது. குளிக்கலாமென்று குட்டையில் இறங்கினால் தண்ணீர் தளதளவென்று கொதித்து அயிரை மீன் வெந்து மிதந்தது. கடப்பாரையின் நுனியைக் கிள்ளினான். முறுக்கு மாதிரி சுருண்டது. பதினைந்து முழத் தூரத்தில் கிடந்த காய்ந்த பனையோலையைப் பார்த்து ஊதினான். பற்றிக்கொண்டது.

இத்தனை சக்தி ஒரு மனிதனுக்கு வந்தால் வீட்டில் ஒரு மரியாதை வேண்டாமா? அவன் மனைவி செங்கமலம் கூழ்ப்பானையைத் தூக்கி அவன் வயிற்றின்மேல் வைத்தாள்.

"அசையாத படு. ஒரு கொதி வந்ததும் எடுத்துக்கறேன்."

"ஏன்டி, நான் இன்னா அடுப்பா?"

"வெறவு தீந்து ரெண்டு நாளாவுது. சொன்னா காதுல வாங்கினியா? எப்பிடியோ கடவுளுக்குக் காது கேட்டுது."

வயிற்றில் கூழ் கொதித்துக்கொண்டிருக்கும்போதே தணிகைவேல் முடிவு செய்தான். நல்லவனாக இருந்து கண்டது மூன்று சனிக்கிழமை வறட்சி. இனிமேல் கெட்டவன். உலகநாதன் தன்னைக் கண்டு நடுங்க வேண்டும். அந்த நடுக்கத்திலேயே மடையைத் திறக்க வேண்டும். கூத்தில் ராட்சச வேஷக்காரன் திரையை விலக்கிச் சிரிக்கும்போது சனங்கள் மூச்சுவிட மறப்பதை அவன் பார்த்திருக்கிறான். சவுக்குத் தோப்புக்குப் போய் அந்தச் சிரிப்பை ஒரு நாள் முழுக்கப் பழகினான். காக்கைகள் எழுந்து பறக்காதது கொஞ்சம் மனக்குறையாக இருந்தது.

மறுநாள் உச்சிப்பொழுதில் உலகநாதன் வீட்டு வாசலில் போய் நின்றான். முகம் செக்கச்சிவந்து உடம்பிலிருந்து ஆவி பறந்தது. கதவின் இரும்பு நாதாங்கியைப் பிடித்தான். அது மெழுகாக உருகிச் சொட்டியது.

"யோவ் உலகநாதா! ஒங்கரும்பு பூரா எரிச்சிடுவேன்! ஒன் வைக்கப்போரக் கொளுத்திடுவேன்! ஹாஹ்ஹா!"

உள்ளே முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த மணியம்மாள் எழுந்து வந்தாள். அவள் உலகநாதனின் அக்காள். ஊரில் யாருக்கு அம்மை போட்டாலும் வேப்பிலையோடு முதலில் போய் நிற்கிறவள். அவனை மேலும் கீழும் பார்த்தாள். நெற்றியை விரல் நுனியால் தொட்டாள், விரல் சுட்டது. பங்குனி மாதம், நெருப்பாகக் காய்கிற உடம்பு, சிவந்த கண், சம்பந்தமில்லாத பேச்சு. அவளுக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை.

"டேய் உலகநாதா, செருப்பக் கழட்டு! ஆத்தா வந்திருக்கா!"

தணிகைவேல் திடுக்கிட்டான். "யக்கா, ஆத்தா இல்லக்கா. நாந்தான், தணிகைவேலு. நான் கெட்டவனாயிட்டேன்."

"ஆமாந் தாயே."

"ஒந்தம்பி கரும்ப எரிக்கப் போறேன்."

"எரிச்சிக்கோ தாயே. ஒன்னுது, நீ எரிக்கிற. எங்கள மட்டும் வுட்டுடு."

அம்மை கண்ட வீட்டில் யாரும் கடுஞ்சொல் பேசக்கூடாது. ஆத்தாள் என்ன சொன்னாலும் சரி தாயே என்றுதான் சொல்ல வேண்டும். அவள் கோபித்தால் கைகூப்ப வேண்டும், சிரித்தால் இன்னும் கொஞ்சம் குனிந்து கூப்ப வேண்டும். எதிர்த்துப் பேச ஒருவன் இல்லாமல் எப்படி மிரட்டுவது? இதைத் தணிகைவேல் யோசித்து வைத்திருக்கவில்லை. அவன் சிரிக்கச் சிரிக்க வீட்டுப் பெண்கள் குலவையிட்டார்கள். கிளம்பும்போது கழுத்தில் வேப்பிலை மாலை விழுந்தது. அதுவும் இரண்டு நிமிஷத்தில் வறுவலாகி உதிர்ந்தது.

அடுத்த நாள் பகலிலேயே, பத்துப் பேர் பார்க்க, உலகநாதனின் வைக்கோல் போரை ஊதி எரித்தான். எரிந்து முடிந்ததும் சாம்பலுக்குள் ஆளுயரச் சாரைப்பாம்பு ஒன்று செத்துக் கிடந்தது. எங்கிருந்துதான் வந்து தொலைந்ததோ.

"பாத்தீங்களா?" என்றாள் மணியம்மாள். "எந்தம்பி காலைல வைக்கப் புடுங்க வந்திருந்தா கொத்தியிருக்கும். ஆத்தா தடுத்துட்டா."

"அது சாரைக்கா! அதுக்கு வெசமே கெடையாதுக்கா!" என்று தணிகைவேல் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஆமாந் தாயே," என்றது கூட்டம்.

இனி ஒரே வழிதான். சர்க்கார் கையால் தன்னைக் கெட்டவன் என்று எழுத வைக்க வேண்டும். பாகூருக்கு நடந்தே போய்ப் போலீஸ் சிப்பாய் முன்னால் நின்றான்.

"ஐயா, நான் ஒரு போரக் கொளுத்திட்டேன். என்னப் புடிச்சிக் கேஸ் எழுதுங்க."

சிப்பாய் சிவப்புத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "ஒன்னப் பத்திக் காலைலயே சேதி வந்துட்டுது. ஆத்தா மேல கேஸ் எழுதிட்டு நான் எம்புள்ளைங்களோட வூட்ல குடியிருக்க வாணாமா?"

"நான் ஆத்தா இல்லீங்க. சத்தியமா இல்லீங்க!"

"யார்கிட்ட சத்தியம் பண்ற? ஆத்தாவே ஆத்தா மேல சத்தியம் பண்ணா அது செல்லாது." அவர் ஒரு சுருட்டை எடுத்துப் பவ்யமாக நீட்டினார். வாங்கிக்கொள்ளத்தான் கொடுக்கிறார் என்று தணிகைவேல் கை நீட்டினான். விரல் பட்டுச் சுருட்டு பற்றிக்கொண்டதும் சிப்பாய் அதைத் திரும்ப எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, "பிரசாதம்," என்றார்.

தணிகைவேல் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே திரும்பினான். பயிர் கருகி முடிய நான்கு நாள் இருந்தது.

ஊருக்குள் அதற்குள் பேச்சு முற்றியிருந்தது. ஆத்தாள் இவ்வளவு காய்ந்தால் ஊரே வெந்துபோகும்; அவளைக் குளிர வைக்க வேண்டும். எங்கே? அவள் இறங்கியிருக்கிற ஆளின் சொந்த மண்ணில். மணியம்மாள் சொன்னாள், ஊர் தலையாட்டியது. தணிகைவேலை அவனுடைய அரைக்காணிக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பெண்கள் மஞ்சள் தண்ணீர்க் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். உலகநாதன் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, தன் கையாலேயே மடையை வெட்டிவிட்டார்.

தண்ணீர் வந்தது. மூன்று சனிக்கிழமைத் தண்ணீரும் சேர்ந்து வந்தது. வெடித்துக் கிடந்த மண் அதைக் குடிக்கிற சத்தம் தணிகைவேலுக்குக் கேட்டது. கண்ணில் நீர் கட்டியது. அது கன்னத்துக்கு வருமுன்னே ஆவியாயிற்று.

"உலகநாதரு மனசு யாருக்கு வரும்!" என்றார்கள் வரப்பில் நின்றவர்கள். "தன் கரும்பு காஞ்சாலும் பரவாயில்லன்னு தொறந்து வுட்டாரு பாரு!"

"அது எம்மொறைத் தண்ணிடா!" என்று தணிகைவேல் கத்தினான்.

"ஆமாந் தாயே."

அப்போதுதான் காலடியில் தளதளவென்ற சத்தம் கேட்டது. முழங்கால் மட்டத்துக்கு ஏறிய தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவனைச் சுற்றி நெற்பயிர் ஆவியில் நின்றது. வெளியே வந்துவிடலாமென்று ஒரு காலைத் தூக்கினான்.

"ஆத்தா மலையேறிட்டாளா?" என்று கேட்டார் உலகநாதன். "ஏறிட்டான்னா மடையை அடைச்சிடறேன்."

தணிகைவேல் தூக்கிய காலை மெதுவாகத் திரும்ப வைத்தான்.

போனால் தண்ணீர் நிற்கும், நின்றால் தண்ணீர் கொதிக்கும். மூன்று நாள் அங்கேயே நின்றான். கூழ் கொண்டுவந்து ஊட்டினார்கள். செங்கமலம் வரப்பில் உட்கார்ந்துகொண்டு, சும்மா போகிற சூடுதானே என்று, பக்கத்து வீட்டுக்காரிகளின் துணிகளையெல்லாம் வெள்ளாவி வைத்து எடுத்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் நூற்றெட்டாவது குடம் தலையில் விழுந்தபோது அவனுக்குத் தும்மல் வந்தது. அத்தோடு சக்தி போயிற்று. உடம்பு தவளை மாதிரி சில்லிட்டது. கடப்பாரையைக் கிள்ளிப் பார்த்தான். நகம்தான் பெயர்ந்தது.

பயிர் சாகவில்லை. சித்திரையில் அறுத்தார்கள். அடித்துத் தூற்றியதில் பதர் ஒரு முறம்கூடத் தேறவில்லை, அத்தனையும் மணி. செங்கமலம் ஒரு படியை உரலில் குத்திப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"இந்தாய்யா, இதப் பாரு. அவிக்கவே இல்ல, புழுங்கலரிசியா இருக்குது. கதிர்லயே வெந்துட்டுது."

ஊரே வந்து பார்த்தது. நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைக்கிற வேலை மிச்சம் என்று பெண்கள் மெச்சினார்கள். தணிகைவேலும் இரண்டு நாள் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தான். ஆடிப் பட்டத்துக்கு விதை எடுக்கலாமென்று ஒரு பிடி நெல்லைச் சாக்கில் நனைத்துக் கட்டிவைத்தான். மூன்றாம் நாள் பிரித்தான். ஒரு முளை இல்லை. வெந்த நெல் எந்த ஊரில் முளைக்கும்?

அந்த வட்டாரத்தில் விதைநெல் சேர்த்து வைத்திருந்தது ஒரே குதிர். அது உலகநாதன் வீட்டில் இருந்தது.

வெறுங்கூடையோடு அதே வாசலில் போய் நின்றான். கதவில் புது நாதாங்கி போட்டிருந்தது. உலகநாதன் வெளியே வந்தார். தணிகைவேல் திட்டை எதிர்பார்த்தான். திட்டினால் ஓரடி பின்னால் வைத்துத் துண்டையாவது உதறலாம். உலகநாதன் திட்டவில்லை; செருப்பைக் கழற்றினார்.

"எம்மாம் வேணுமோ அள்ளிக்க தாயே. வர்ற பங்குனிக்கும் இதேமாரி வந்து எங்கள மெரட்டிட்டுப் போவணும். நீ கொளுத்தின வருசம் ஊர்ல ஒருத்தருக்கும் அம்மை போடல."

"நான் ஆத்தா இல்லண்ணே," என்றான் தணிகைவேல். அவனுக்கே கேட்காத குரலில்தான் சொன்னான்.

"ஆமாந் தாயே," என்றார் உலகநாதன்.

விதைநெல் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆலைக் கொட்டகை வழியாகத் திரும்பினான். அடுப்பு அணைந்து கிடந்தது. கொப்பரையைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதன்மேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. தணிகைவேல் கூடையை இறக்கினான். கோழிக்கு நேரே நின்று, சவுக்குத் தோப்பில் பழகிய சிரிப்பை ஒரு தடவை முழுசாகச் சிரித்தான்.

கோழி இறங்கி வந்து கூடையில் இருந்த நெல்லைக் கொத்தத் தொடங்கியது. அதை விரட்டிவிட்டு, மறுபடி கொப்பரை ஏற்றும் தை மாதத்துக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று விரல்விட்டு எண்ணினான். ஒரு கை போதவில்லை.