சாக்கோடு நிறுத்த எடை

அழகரைக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்துவிடுவது என்று நான் முடிவு செய்தது ஒரு திங்கட்கிழமை காலை. அதைச் சொல்ல இப்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை மறைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் சொன்னால் என் புகழ் பாடியது போலாகிவிடும். அந்தப் புகழ் என்னுடையது இல்லை.

நான் றீட்டா தேவதாசன். பதுளையில் இருபத்தாறு வருடமாகச் சட்டத்தரணி. எனக்கு வாய் கொஞ்சம் அதிகம், கோபம் அதைவிட அதிகம். என் கிளார்க் றஹீம், நான் மாடிப்படி ஏறி வரும் செருப்புச் சத்தத்தைக் கேட்டே இன்றைக்கு எத்தனை பேருக்கு ஏச்சு விழும் என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் அந்தக் கணக்கில் முதல் ஆள் அவர்தான்.

சட்டத்தரணி வைக்க வழியில்லாதவர்களுக்கு, மேல் நீதிமன்றமே ஒருவரை நியமித்துக் கொடுக்கும். அழகருடைய வழக்கு அப்படித்தான் என்னிடம் வந்தது. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவர், வயது முப்பத்து நாலு. ஒரு ஞாயிறு பின்னேரம் சின்ன டவுன் ஒன்றில் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார். பொலிஸார் வந்து அங்கே நின்றவர்களைச் சோதித்திருக்கிறார்கள். ஓடத் தெரிந்தவன் ஓடிவிட்டான், இவர் நின்றுகொண்டிருந்தார். காற்சட்டைப் பையில் ஹெரோயின் பொட்டலம் இருந்ததாகப் பொலிஸ் எழுதியது. கீழே கிடந்ததை எடுத்துத் தன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அழகர் சொன்னார். இதில் கொடுமை என்னவென்றால், தனக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தின் அடியில் தமிழில் அழகாகக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தார்.

சுத்தமான ஹெரோயின் இரண்டு கிராமைத் தாண்டினால் மரண தண்டனை, இல்லாவிட்டால் ஆயுள் தண்டனை. அழகருடைய பொட்டலத்தில் இரண்டேகால் கிராம் இருந்தது என்றது அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை. வழக்கு முடியும்வரை அடைத்து வைக்கும் விளக்கமறியலில் அவருக்கு ஏற்கெனவே இரண்டு வருடம் போயிருந்தது.

எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தப் பக்கம் மூன்று பொலிஸ் சாட்சிகள், இந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. அரச சட்டத்தரணியிடம் பேசிப் பார்த்தேன். குற்றவாளி என்று ஒப்புக்கொண்டால், குற்றச்சாட்டைக் குறைத்துப் பத்து வருடத்தோடு முடிக்கப் பார்க்கலாம் என்றார். ஆயுள் முழுவதும் உள்ளே கிடப்பதற்குப் பத்து வருடம் மேல்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அழகரின் மனைவியை வரச்சொல்லி றஹீமிடம் செய்தி அனுப்பச் சொன்னேன்.

ஜெயந்தினி அன்றைக்கு மலைக்குப் போகாமல் வந்திருந்தாள். மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண். முப்பது வயதிருக்கும், ஒல்லி. தேயிலைக் கறை ஏறிய விரல்களை மடியில் ஒளித்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். நான் சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னேன்.

"பத்து வருசமாங்க மிஸ்?"

"ஆயுளுக்கு அது எவ்வளவோ மேல். யோசிச்சுப் பாரும்மா."

"செய்யாத தப்ப செஞ்சேன்னு எப்புடிங்க சொல்றது?"

"செய்யலன்னு நீயும் சொல்லலாம், நானும் சொல்லலாம். கோட்டு பேப்பரத்தான் பாக்கும். பேப்பர்ல எல்லாம் உன் புருசனுக்கு எதிராத்தான் இருக்கு." நான் ஃபைலை மேசையில் ஓங்கி அடித்தேன். பக்கத்து அறையில் றஹீம் இருமினார். அவர் இருமினால், மிஸ் கொஞ்சம் மெதுவாக என்று அர்த்தம்.

அவள் பயப்படவில்லை. என்னை நேராகப் பார்த்தாள்.

"அந்தப் பேப்பர்ல என்னாதாங்க எழுதியிருக்கு? ரெண்டு வருசமா ஆளாளுக்கு பேப்பரு பேப்பருங்கிறாங்க. ஒருத்தராவது எனக்கு வாசிச்சுக் காட்டலீங்களே!"

சுருக்கென்றது. நானும் வாசித்துக் காட்டவில்லை. வாசித்தால் இவளுக்கு என்ன விளங்கப் போகிறது என்ற நினைப்புத்தான், வேறென்ன. ரோஷம் வந்துவிட்டது எனக்கு. சரி கேட்டுக்கொள் என்பது போல, சிங்களத்தில் இருந்ததையும் ஆங்கிலத்தில் இருந்ததையும் வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். கைது செய்த நேரம், இடம், பொலிஸ் நிலையத்தில் பொட்டலத்தை நிறுத்தபோது மூன்று கிராமும் நூறு மில்லிகிராமும். அதைச் சீல் வைத்துக் கொழும்புக்கு அனுப்பியது. பகுப்பாய்வாளர் பிரித்து நிறுத்தபோது நான்கு கிராமும் எழுநூறு மில்லிகிராமும். அதில் சுத்தமான ஹெரோயின்...

"இருங்க மிஸ், இருங்க. சாக்கோடயா, சாக்கு இல்லாமயா?"

"என்ன சாக்கு? நான் தூள் வழக்கு பேசுறேன், நீ கொழுந்து சாக்க கேக்குற!"

"இல்லீங்க. தூள சுத்தியிருந்த தாள சொல்றேன். அதோட சேத்து நிறுத்தாங்களா, பிரிச்சு எடுத்து நிறுத்தாங்களா?"

நல்ல ஏச்சு ஒன்று நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் கண் தன்பாட்டில் பேப்பருக்குப் போய்விட்டது. பொலிஸ் குறிப்பில் இருந்தது: பொலித்தீன் உறையோடு. பகுப்பாய்வாளர் அறிக்கையில் இருந்தது: உறை நீங்கலாக. நான் இரண்டையும் சொன்னேன். என் குரல் இறங்கிவிட்டது.

"அப்ப சாக்கோட மூணு. சாக்க எடுத்துட்டு நிறுத்தா நாலே முக்கா கிட்ட வருது." அவள் விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். "அது எப்புடிங்க? மலையில நிறுத்து அனுப்புற கொழுந்து தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் போய்ச் சேந்தா குறையும். வாடுதில்ல. கூடவே கூடாது. ஒருக்கா என்னோட சாக்கு ஸ்டோர்ல ஆறு கிலோ கூடிப்போச்சுங்க. காலையில பேரு கூப்புடுற பெரட்டுக் களத்துல வச்சே என்னைய கொழுந்து திருடின்னுட்டாங்க! விடுவேனா நானு? கணக்கப்பிள்ளைய கூட்டிட்டுப் போய் ஒவ்வொரு சாக்கா அவுத்துக் காட்டுனேன். லொறியில சாக்கு மாறியிருக்கு. அது என் கொழுந்தே இல்ல."

"அது என் கொழுந்தே இல்ல," என்று நானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

இருபத்தாறு வருட அனுபவம்! அந்த இரண்டு பக்கத்தையும் எத்தனை தடவை புரட்டியிருப்பேன்? இரண்டேகால் கிராம் என்ற இலக்கத்தைக் கண்டதும் கண் அதிலேயே நின்றுவிட்டது. மற்ற எடைகளைப் பார்த்ததும் நினைவிருக்கிறது. பொலிஸ் தராசு சரியில்லாததாக இருக்கும் என்று தாண்டிப் போய்விட்டேன். தராசு காட்டும் கணக்கை ஒருநாளும் தாண்டிப் போகாதவள் என் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

நான் வெகுநேரம் பேசாமல் இருந்ததில் றஹீமுக்குத்தான் பயம் வந்துவிட்டது. எட்டிப் பார்த்தார். "என்ன மிஸ், சத்தத்தக் காணோம்? உடம்புக்கு ஏதும் சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல. ரெண்டு தேத்தண்ணி கொண்டாங்க. அரச சட்டத்தரணிக்கு போன் போட்டு, நாங்க குற்றத்த ஒத்துக்கல, வழக்குப் பேசுறோம்னு சொல்லுங்க."

தேத்தண்ணி குடிக்கும்போது ஜெயந்தினி இன்னொன்றும் சொன்னாள். "பொலிஸ்காரங்க ஈரத்துல பாரம் கூடிப்போச்சுன்னு சொல்லுவாங்க மிஸ். மழ பேஞ்சா தண்ணிக்குன்னு எங்களுக்கு ரெண்டு கிலோ வெட்டுவாங்க. வெயிலடிச்சாலும் அதே ரெண்டு கிலோவ வெட்டுவாங்க. அந்தப் பேச்ச மட்டும் நம்பிறாதீங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழந்தாளில் இருந்து அவள் பெயரைச் சொல்லி ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். நான் ஏசி அனுப்பியிருந்தால், அவள் பேசாமல் எழுந்து போயிருந்தால், ஒரு மனிதனைப் பத்து வருடத்துக்கு என் கையாலேயே பூட்டியிருப்பேன்.

வழக்கு விசாரணைக்கு வந்த நாள் நல்ல மழை. பொட்டலத்தைப் பிடித்த பொலிஸ் அதிகாரி சாட்சிக் கூண்டில் ஏறினார். பழகிய சாட்சி, பொட்டலம் சீல் உடையாமல் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்ததுவரை எல்லாவற்றையும் தட்டுத் தடங்கல் இல்லாமல் சொன்னார். நான் வழமைபோலக் கத்தவில்லை. பொட்டலத்தை யார் நிறுத்தது என்று கேட்டேன். தானே நிறுத்ததாகச் சொன்னார். உறையோடா என்றேன். உறையோடுதான் என்றார். தராசு சரியானதா என்றேன். அந்த மாதம்தான் முத்திரை அடித்த தராசு என்று பெருமையாகச் சொன்னார். அவருக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன். பிறகு பகுப்பாய்வாளரின் அறிக்கையை அவர் கையில் கொடுத்து, எடையைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன்.

வாசித்தார். இன்னொரு தடவை மனதுக்குள் வாசிப்பதும் தெரிந்தது. நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்போது மழைக்காலம். ஈரத்தில் கொஞ்சம் கூடியிருக்கும்," என்றார் அதிகாரி.

இந்தப் பதிலுக்குத்தான் நான் காத்திருந்தேன்.

"சீல் உடையாமல் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது என்று சொன்னீர்கள். அப்படியானால் அந்த ஈரம் எந்த வழியாக உள்ளே போனது? ஈரம் போனது என்றால் சீல் உடைந்திருக்க வேண்டும். சீல் உடையவில்லை என்றால், உறையைக் கழற்றியும் ஒன்றரை கிராமுக்கு மேல் கூடிய இந்தப் பொட்டலம் நீங்கள் நிறுத்த பொட்டலம்தானா?"

அவர் அரச சட்டத்தரணியைப் பார்த்தார். அவரோ தன் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று கடைசியில் சாட்சி சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னபோது, குற்றம் சாட்டப்பட்டவர் நிற்கும் எதிரிக் கூண்டில் இருந்த அழகர் என்னைப் பார்க்காமல், பின்வரிசையில் இருந்த தன் மனைவியைப் பார்த்தார். சாக்கு விஷயத்தை நான் சிறைச்சாலையில் அவரிடம் சொல்லியிருந்தேன்.

தீர்ப்புக்கு மூன்று மாதம் காத்திருந்தோம். அந்த மூன்று மாதமும் நான் சரியாகத் தூங்கவில்லை என்றால் நம்புவீர்களா? நல்லாப் பேசினீங்க மிஸ் என்று வராந்தாவில் கை கொடுத்த இளம் சட்டத்தரணிகளுக்கெல்லாம், நான் இல்லையப்பா, அந்தப் பிள்ளைதான் என்று ஜெயந்தினியைக் காட்டினேன். அடக்கத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார்கள். அடக்கமா, எனக்கா!

தீர்ப்பு நாளன்று ஜெயந்தினி தன் ஆறு வயது மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வந்திருந்தாள். அப்பா உள்ளே போகும்போது அந்தப் பிள்ளைக்கு நாலு வயதுகூட ஆகவில்லை. இன்றைக்கு என்ன நாள் என்று மகளிடம் சொல்லவில்லையாம். "சொல்லிப்புட்டு அவரு வராமப் போனா என்னாங்க செய்யிறது?" என்றாள்.

நீதிபதி சிங்களத்தில் வாசிக்கத் தொடங்கினார். முக்கால் மணித்தியாலம் வாசித்தார். ஜெயந்தினிக்குச் சட்டச் சிங்களம் விளங்காது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் திரும்பாமலேயே அது எனக்குத் தெரிந்தது. எடை விஷயம் வந்தது. நிறுத்த பொட்டலமும் பகுப்பாய்வு செய்த பொட்டலமும் ஒன்றுதான் என்று நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்படவில்லை என்ற வரி வந்தது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. இருபத்தாறு வருடத்தில் நீதிமன்றத்துக்குள் நான் அழுதது அதுதான் முதல் தடவை.

அவள் என் முகத்தைப் பார்த்துத் தப்பாக விளங்கிக்கொண்டாள். ஐயோ என்று சேலையால் வாயைப் பொத்தினாள். நல்ல காலம், மொழிபெயர்ப்பாளர் அந்த நேரம் பார்த்துத் தமிழில் சொன்னார்: "எதிரி குற்றவாளி அல்ல. விடுதலை செய்யப்படுகிறார்."

காவலர் கூண்டைத் திறந்துவிட்டார். அழகர் வெளியே வரவில்லை. போகச் சொல்லி யாராவது கட்டளை போட வேண்டும் என்பதுபோல நின்றார். "வாய்யா வெளியே!" என்று நான்தான் கத்தினேன். வந்தவர் நேரே என்னிடம் வந்து என் காலில் விழக் குனிந்தார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. அவர் தோளைப் பிடித்து நிமிர்த்தினேன்.

"என் கால்ல எதுக்கு விழுறீங்க? நான் உங்கள உள்ள தள்ளப் பாத்தவ! விழுறதுன்னா உங்க வீட்டுக்காரி கால்ல விழுங்க!"

கோபத்தில் சொல்லிவிட்டேன். அவர் உண்மையிலேயே செய்வார் என்று நான் நினைக்கவில்லை. நீதிபதி இறங்கிப் போயிருந்தார், ஆனால் பொலிஸாரும் சட்டத்தரணிகளும் அடுத்த வழக்குக்காரர்களும் நிரம்பி நின்றார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் அழகர் பின்வரிசைக்கு நடந்துபோய், முழந்தாளிட்டு, மனைவியின் இரண்டு பாதத்தையும் பிடித்துக்கொண்டார்.

"என்னாங்க இது! எந்திரிங்க, எல்லாரும் பாக்குறாங்க!" ஜெயந்தினி பதறிப்போய்க் காலை இழுத்தாள். அவர் விடவில்லை. இரண்டு வருடத்துக்கு மேலாக இருவரும் கம்பி வலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றுதான் பேசியிருக்கிறார்கள். கடைசியில் அவளும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் தலைமுடியை விரலால் கோதி, முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

நான் கிட்டே போய் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. சுவரில் இருந்த மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்திரிங்க. புள்ளைக்குப் பள்ளிக்கூடம் விடப் போகுது," என்றாள் அவரிடம். "இன்னைக்கு நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க."