பரிசத் தட்டில் ஒரு மெமரி கார்ட்

எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. அப்புத்தளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். சுலோஜனா டீச்சர் வருகிறார் என்றால் பிள்ளைகள் மட்டுமில்லை, பள்ளிக்கூடத்து வாசலில் படுத்திருக்கும் நாயும் எழுந்து நிற்கும் என்று சொல்வார்கள். நாய் விஷயம் பொய்.

இப்படிப்பட்ட எனக்கு ஒரே ஒரு பலவீனம், கையில் வைத்து விளையாடும் கேம் மெஷின். நடுவில் திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள், ஒரு பாடப்புத்தகம் அளவுதான் இருக்கும். பதுளையில் ஜாபிர் நானாவின் கடையில் வாங்கியது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, முகம் கழுவி, ஒரு கோப்பை தேத்தண்ணியோடு அதை மடியில் வைத்துவிட்டேன் என்றால் இந்த உலகத்தில் யார் மேலும் எனக்குக் கோபம் கிடையாது. கார் ஓட்டுவேன், மீன் பிடிப்பேன், பூதங்களை வெட்டிச் சாய்ப்பேன். பூதங்களுக்கு நான் யார் பெயரை வைத்திருக்கிறேன் என்பது எங்கள் பள்ளிக்கூட அதிபருக்குத் தெரியாமல் இருப்பது நல்லது.

என் அம்மா யோகம்மாவுக்கு அந்த மெஷின்தான் வயிற்றெரிச்சல். “கல்யாணம் கட்டிப் போற வீட்டுக்கு இதத் தூக்கிட்டுப் போனேன்னு வையி, மாமியார்காரி அடுப்புல வச்சுருவா” என்பார். அவர் சொல்வதும் சும்மா இல்லை. பண்டாரவளையிலிருந்து என்னைப் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை மெஷினைப் பார்த்துவிட்டு, “கல்யாணத்துக்குப் பொறகு இந்தச் சின்னப்புள்ள வெளையாட்டெல்லாம் விட்டுறணும்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். “தேத்தண்ணி ஆறுது, குடிச்சிட்டுக் கெளம்புங்க” என்று நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன். அம்மா என்னோடு அந்த வாரம் முழுக்கப் பேசவில்லை.

அதனால் அடுத்து ஹாலிஎலயிலிருந்து பிரவீணன் என்று ஒருவர் பெண் பார்க்க வருகிறார் என்றதும், அம்மா மெஷினைத் தூக்கி நாற்காலி மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டார். மாப்பிள்ளையோ நேராக வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். மெத்தைக்கு அடியிலிருந்து ‘டிங்’ என்று ஒரு சத்தம். மெஷினை எழுப்பிவிட்டால் வரும் சத்தம்.

எனக்கு உயிர் போய்விட்டது. தேத்தண்ணித் தட்டோடு அப்படியே நின்றேன். அவர் மெதுவாக மெத்தைக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். வெளியே எடுக்கவில்லை. திரை நசுங்கிவிடக் கூடாது என்று ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாதி நாற்காலியில் மட்டும் உட்கார்ந்துகொண்டார். பெரியவர்கள் பேசி முடிக்கும்வரை அப்படியேதான் இருந்தார்.

“ஏன்டா கோணிக்கிட்டு உக்காந்திருக்க?” என்று அவருடைய அம்மா கேட்டார்.

“கால் மரத்துப் போச்சும்மா” என்றார்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த இடத்திலேயே நான் பாதி கவிழ்ந்துவிட்டேன்.

பிறகு இரண்டு பேரும் தனியாகப் பேசலாம் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில் மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்கு அனுப்பினார்கள். தனியாக என்றால், தண்ணீர் பிடிக்கும் பாதி லயமும் குடத்தோடு நிற்கும், அவ்வளவுதான் தனிமை. தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் நாங்கள் பேசுவது மட்டும் யாருக்கும் கேட்காது.

“திரைக்கு ஒன்னும் ஆகலீங்களே?” என்பதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

“நீங்களும் வெளையாடுவீங்களா?”

“அம்மாவுக்குத் தெரியாம” என்று வெட்கப்பட்டார். வீடுகளுக்கு வயரிங் செய்கிற ஆள், கரண்டுக்குப் பயப்படாதவர், அம்மாவுக்குப் பயந்தார். “உங்க மெஷின்ல எடம் எவ்வளவு மிச்சம் இருக்கு?”

அடடா, என் வாழ்க்கையில் யாராவது என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டிருப்பார்களா! எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். மெஷின் நிறைந்துவிட்டது, புது கேம் ஒன்று ஏற்ற வேண்டுமென்றால் பழையது ஒன்றைத் தூக்க வேண்டும், எதைத் தூக்குவது என்று தெரியாமல் தினமும் அந்தப் பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறேன் என்றேன்.

“ஐயோ, எதையும் அழிச்சுறாதீங்க!” என்று பதறினார். “பெரிய மெமரி கார்ட் ஒன்னு போட்டா எல்லாம் கொள்ளும். நான் கொண்டு வாறேன்.”

அப்போதுதான் என் வாய் சும்மா இருக்காமல் அந்த நிபந்தனையைப் போட்டது. “பரிசம் போட வாற அன்னிக்கே கொண்டு வாங்க. கொண்டு வந்தா எனக்குச் சம்மதம். இல்லாட்டி தட்டத் திருப்பி அனுப்பிருவேன். நான் ஒன்னு சொன்னா சொன்னதுதான்.”

“சரிங்க டீச்சர்” என்றார்.

கார்டுக்காக ஆசைப்பட்டு அப்படிச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். அதை நானே வாங்கிக்கொள்வேன், என் கையில் சம்பளம் இருக்கிறது. பீலியடியில் நின்று இனிக்க இனிக்கப் பேசுவதற்கு யாராலும் முடியும். எனக்குப் பிடித்த ஒரு சின்னப் பொருளை, அவருடைய அம்மா எரிக்கக் காத்திருக்கும் பொருளை, இந்த மனிதர் ஞாபகம் வைத்துக் கொண்டு வருவாரா என்றுதான் பார்க்க நினைத்தேன். கொண்டு வந்தால் அந்த வீட்டில் நான் நானாகவே இருக்கலாம். வராவிட்டால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லதில்லையா?

பரிச நாளும் வந்தது. காலையிலேயே அம்மா, “கல்யாணப் பொண்ணு கையில போன் என்னத்துக்கு?” என்று என் போனைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டார். டின் அவ்வப்போது உள்ளுக்குள்ளேயே சிணுங்கியது. எனக்குத்தான் ஏதோ வருகிறது என்று தெரிந்தும் எடுக்க முடியவில்லை. சுற்றிலும் சொந்தக்காரப் பெண்கள், தலை நிறையப் பூ, அசையவும் வழியில்லை.

மூடுபனிக்குள்ளிருந்து ஹாலிஎல வேன் வந்து நின்றது. வீட்டு முன்பக்கத்து இஸ்தோப்பில் பாய் விரித்து இரண்டு பக்கத்தாரும் உட்கார்ந்தார்கள். நடுவில் பரிசத் தட்டு. சேலை, தேங்காய், பழம், மேலே அடுக்கடுக்காக வெற்றிலை, பாக்கு. நான் அறைத் திரைக்குப் பின்னால் நின்று பிரவீணனைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். நகமளவே இருக்கும் அந்தக் கார்ட் எங்கே என்று நகத்தைத் தொட்டுக் காட்டிச் சாடையில் கேட்டேன். அவர் தட்டைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் தட்டையே பார்த்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கார்ட் கேட்டால் தேங்காயைக் காட்டுகிறாரே! மறந்துவிட்டு வந்து சமாளிக்கப் பார்க்கிறார், அவ்வளவுதான் என்று முடிவே கட்டிவிட்டேன். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. தட்டைத் திருப்பி அனுப்ப வேண்டுமே என்பதை நினைத்தால் கோபத்தைவிட அழுகைதான் கூடுதலாக இருந்தது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் பரிசத் தட்டு முதலில் தாய்மாமன் கைக்குத்தான் போகும். அவர் அதிலிருந்து ஒரு வெற்றிலை எடுத்துப் போட்டு, முதல் வாயைத் துப்பாமல் மென்று விழுங்க வேண்டும். விழுங்கினால் பேச்சு உறுதி. துப்பினால் பேச்சைத் துப்பிவிட்டார் என்று அர்த்தம், கல்யாணம் இல்லை. என் தாய்மாமன் அழகர் இந்த வேலைக்கென்றே பிறந்தவர். வெற்றிலை போடாத வாயோடு அவரை நான் பார்த்ததே இல்லை.

மாமா தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மேலேயிருந்த வெற்றிலையை எடுத்தார். ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்த இரண்டையும் சேர்த்தே எடுத்துச் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, மடித்து வாய்க்குள் தள்ளினார். பிரவீணன் முகம் வெளுத்துப் போவதை நான் பார்த்தேன்.

‘கடக்’ என்று ஒரு சத்தம்.

“என்னாங்கய்யா பாக்கு இது, கல்லு மாதிரி!” என்றார் மாமா.

“மாமா, துப்புங்க!” என்று பிரவீணன் எழுந்து கத்தினார்.

மாப்பிள்ளையே பரிச வெற்றிலையைத் துப்பச் சொல்கிறார்! அடுத்த நொடி எங்கள் ஆட்கள் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். “என்னா, பேச்ச முறிக்க வந்தீங்களா?” என்று சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். “டேய், பைத்தியமாடா ஒனக்கு?” என்று பிரவீணனின் அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“வெத்தலைக்குள்ள மெமரி கார்ட் இருக்கும்மா! டீச்சருக்குக் கொண்டு வந்தது!”

“அத ஏன்டா வெத்தலைக்குள்ள வச்ச?”

“நம்ம பக்கம் தட்டு நேரா பொண்ணு கைக்குத்தானே போகும்! இங்க மாமா திம்பாருன்னு எனக்கு எப்புடித் தெரியும்? டீச்சருக்குப் போன்ல மெசேஜும் போட்டேன், பாக்கவே இல்ல!”

திரைக்குப் பின்னால் எனக்குத் தலை கால் புரியவில்லை. கொண்டு வந்திருக்கிறார்! மறக்கவில்லை! அவருடைய அம்மாவின் மூக்குக்குக் கீழேயே, பரிசத் தட்டிலேயே வைத்துக் கொண்டு வந்திருக்கிறார்! அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்தக் கார்ட் மாமாவின் வாய்க்குள் அல்லவா இருக்கிறது. மாமா இரண்டு கன்னமும் உப்பி, கண்ணில் நீர் முட்ட உட்கார்ந்திருந்தார். துப்பினால் கல்யாணம் போகும், விழுங்கினால் கார்ட் போகும். “ம்ஹூம்” என்று தலையை ஆட்டிவிட்டு, குலத்தின் மானத்தைக் காப்பாற்ற விழுங்கவே தயாரானார். தொண்டை அசைந்தது.

நான் திரையைக் கிழிக்காத குறையாக வெளியே ஓடினேன். அழைக்காமல் மணப்பெண் வெளியே வரக் கூடாது. வந்துவிட்டேனே, என்ன செய்வது? மாமாவின் முன்னால் மண்டிபோட்டு இரண்டு கையையும் குவித்து நீட்டினேன்.

“மாமா, என் கையில துப்புங்க.”

“அடியே!” என்று அம்மா அலறினார்.

“தரையில துப்பினாத்தானே பேச்சு முறியும்? பேச்சு எனக்குத்தானே பேசுறீங்க? எங்கிட்டயே குடுங்க.”

மாமா என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். அந்தக் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. மொத்தத்தையும் என் கையில் துப்பினார். வெதுவெதுப்பாக, சிவப்பாக, ஒரு கை நிறைய. பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் போகிற டீச்சர் நான், இதைவிட மோசமானதெல்லாம் கையில் வாங்கியிருக்கிறேன்.

பீலிக்கு ஓடினேன். இரண்டு பக்கத்தாரும் என் பின்னாலேயே ஓடி வந்தார்கள். தண்ணீரில் அலசினேன். பாக்கு போனது, வெற்றிலை போனது, கடைசியில் உள்ளங்கையில் கார்ட் மிஞ்சியது. சுண்டுவிரல் நகமளவு கார்ட், சரி நடுவில் உடைந்து இரண்டாகக் கிடந்தது.

“என் கடவாப்பல்லு இன்னும் கெட்டியாத்தான் இருக்கு போல” என்றார் மாமா, பெருமைப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல்.

பிரவீணன் தலையைக் குனிந்துகொண்டார். “சொன்ன மாதிரி குடுக்க முடியலீங்களே டீச்சர்.”

“என்னா சொன்ன மாதிரி?” என்று அவருடைய அம்மா பிடித்துக்கொண்டார். அப்பாவி மனிதர், எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கார்ட் வராவிட்டால் தட்டு திரும்பும் என்ற என் நிபந்தனை பீலியடியில் நின்ற எல்லோருக்கும் தெரிந்துபோனது. “அப்புடியா சொன்னீங்க?” என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். “சொன்னேன்” என்றேன். வேறென்ன சொல்ல? “அப்ப சரி, தட்ட எடுத்துக்கிறோம்” என்று அவர் திரும்பி நடந்தார். என் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

“கொஞ்சம் பொறும்மா!” என்று பிரவீணன் வேனுக்கு ஓடினார். சீட்டுக்கு அடியிலிருந்து துவாய் சுற்றிய ஒன்றை எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க வந்தார். பிரித்தால், அவருடைய கேம் மெஷின்.

“அட நாசமாப் போறவனே, பரிசத்துக்குமாடா இதத் தூக்கிட்டு வந்த!” என்று அவருடைய அம்மா கத்தினார். நான் சிரித்துவிட்டேன். எவ்வளவு அடக்கியும் முடியவில்லை.

அவர் மெஷினின் மூடியைத் திறந்து, தன்னுடைய கார்டை நகத்தால் கிளப்பி எடுத்து என்னிடம் நீட்டினார். “இத வச்சுக்குங்க. இதுவும் பெருசுதான்.”

என் மெஷினை எடுத்து வந்து கார்டைப் போட்டேன். திரையில் எழுத்து வந்தது. இது வேறு மெஷினின் கார்ட், இதில் பயன்படுத்த வேண்டுமென்றால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும், அழிக்கலாமா என்று கேட்டது.

“இதுல என்னா இருக்கு?” என்று கேட்டேன்.

“எல்லாந்தாங்க. வேலைக்குப் போக ஆரம்பிச்சதுலருந்து வெளையாடுனது பூரா அதுலதான்.”

“அழிஞ்சுரும்.”

“தெரியுங்க. அழிச்சுருங்க” என்றார். வார்த்தை தைரியமாகத்தான் வந்தது. ஆனால் கையிலிருந்த துவாயை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார்.

என் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. அழிக்க மனம் வரவில்லை. கார்டை வெளியே எடுத்து, வெற்றிலைச் சிவப்பு போகாத விரல்களால் அவர் உள்ளங்கையில் வைத்து மூடினேன்.

“ஒன்னும் அழிக்க வேணாம். கல்யாணத்துக்குப் பொறகு ரெண்டு மெஷினும் ஒரே வீட்டுலதானே இருக்கப் போவுது. என்னோடதுல கொள்ளாதத உங்களோடதுல வெளையாடிக்கிறேன்.”

அவர் மட்டும் புரிந்துகொண்டு வாயெல்லாம் பல்லாக நின்றார். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“என்னாடி சொல்ற?” என்று அம்மா கல்லிலிருந்து எழுந்தார். “சம்மதமா, இல்லியா?”

“சம்மதம்னுதாம்மா சொல்றேன்!” என்று மேல்மலைக்கே கேட்கும்படி கத்தினேன். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடங்களைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்கள்.