பிரேக்கைக் குடித்த கெட்டில்

எங்கள் பாலைவன ஊரான மஆனில் லாரி ஓட்டுகிறவர்களுக்கு டீ இல்லாவிட்டால் கண் தெரியாது. ஸுவைலிமுக்குக் காதும் கேட்காது. சிகரெட் பற்றவைக்கிற துளையில் சொருகும் கெட்டில் கொதிப்பதற்குள் அகபா துறைமுகமே வந்துவிடுகிறதென்று அவன் ஒரு வேலை செய்தான். கேபினுக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே சுருள் சுருளாகத் தடித்த ஒயர் ஒன்று தொங்கும், பார்த்திருப்பீர்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏபிஎஸ்ஸுக்கு, ட்ரெய்லருக்குக் கரண்ட் கொண்டுபோகிற ஒயர். அதைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் கெட்டிலின் ஒயரைச் சொருகினான். ரேடியோவில் ஒரு பாட்டு முடிவதற்குள் தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

கூடவே டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்றும் எரியத் தொடங்கியது. பார்க்க உறுத்தலாக இருந்ததால், கண்ணேறுக்கு மாட்டுகிற நீல மணியைச் சூயிங்கத்தில் பதித்து அதன் மேல் ஒட்டிவிட்டான்.

வண்டி அவனுடையதில்லை, கண்ணுகளா. மாமியார் உம்மு தைசீருடையது. அன்று காலை அவளே வந்து பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

“நானும் அகபா வர்றேன் மாப்பிள்ளை. நீ ஓட்டுறதைப் பாக்கணும். மனசுக்குப் புடிச்சா சாவி உன்கிட்டயே இருக்கட்டும். இல்லேன்னா என் அண்ணன் மகன் ஃபர்ராஜ் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கான்.”

ஃபர்ராஜ் பேசினால் வாயிலிருந்து தேன் ஒழுகும். வழியில் ஸுவைலிம் எஞ்சினை ஓடவிட்டுவிட்டு, அவளுக்காகச் சூடான ரொட்டி வாங்க ஓடினான்.

திரும்பி வந்து வண்டியை எடுத்தபோது மேகம் கறுத்திருந்தது. ராஸ் நகப் மலை இறக்கம் நெருங்கும்போது தூறல் விழுந்தது. வருஷத்தின் முதல் மழை. கோடை முழுக்க ரோட்டில் படிந்த தூசியும் எண்ணெயும் சோப்பாகிற நாள் அது. பின்னால் இழுத்துவந்த ட்ரெய்லரோ காலி. பாரம் இல்லாத ட்ரெய்லரை அழுத்திப் பிடித்தால் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரம் உருளாது, வழுக்கும். அப்புறம் வால் சுற்றிக்கொண்டு முன்னே வந்து கேபினை நலம் விசாரிக்கும்.

“மாப்பிள்ளை, ஒரு டீ போடேன்” என்றாள் உம்மு தைசீர்.

“டீத்தூள் தீந்துபோச்சு அத்தை.”

அவள் பையிலிருந்து டீத்தூள் வந்தது.

“சர்க்கரையும் இல்ல.”

சர்க்கரை வந்தது. கேட்காமலே, டீயில் வாசனைக்குப் போடுகிற மரமிய்யா இலையும் ஒரு கொத்து வந்தது.

“இறக்கம் முடியட்டும் அத்தை.”

“ஃபர்ராஜா இருந்தா இந்நேரம் ரெண்டாவது கிளாஸ் கையில இருக்கும்.”

இறக்கத்தின் தலையில் ஸுவைலிம் வண்டியை ஓரங்கட்டினான். “டயரைப் பாத்துட்டு வர்றேன்” என்று இறங்கி, கேபினுக்குப் பின்னால் நனைந்துகொண்டு நின்றான். கெட்டிலின் ஒயர் இப்படியே இருந்தால் மாமியார் மனம் குளிரும், சாவி மிஞ்சும். சுருள் ஒயரைச் சொருகினால் டீ கிடையாது. கீழே ரோடு மினுமினுத்துக்கொண்டு போவதைப் பார்த்தான். ஃபர்ராஜைத் திட்டினான், தன்னையும் திட்டிக்கொண்டான். கெட்டிலின் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு சுருள் ஒயரைச் சொருகினான்.

“டயரெல்லாம் எப்படி இருக்கு?”

“உருண்டையா இருக்கு அத்தை.”

“டீ?”

“கெட்டில் செத்துப்போச்சு.”

“அடடா! எத்தனை நாளா சீக்கு?”

அவன் வண்டியை இறக்கினான். கீழிருந்து இரண்டாவது வளைவு திரும்பினால், நடுரோட்டில் ஓர் ஒட்டகம், தன் வீட்டு முற்றத்தில் நிற்பதுபோல.

ஸுவைலிம் ஓங்கி மிதித்தான். பழைய வண்டிகளில் மிதித்து மிதித்து விடுவதுதான் அவன் பழக்கம். இப்போது பயத்தில் கால் மரத்து அங்கேயே ஒட்டிக்கொண்டது. அதுவே நல்லதாயிற்று. இந்த பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. ஒரே மிதியாக மிதித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். எந்தச் சக்கரம் பூட்டிக்கொள்ளப் பார்க்கிறதோ அதன் பிரேக்கை அழுத்துகிற காற்றில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, உருண்டதும் மறுபடி பிடிக்கிற வேலையை, கண் இமைப்பதற்குள் பலமுறை அதுவே செய்துகொள்ளும். விடுகிற காற்றுதான் பின்னால் “டுஸ்... டுஸ்... டுஸ்...” என்றது.

“யர்ஹமுகல்லாஹ்!” என்றாள் உம்மு தைசீர், தும்முகிறவருக்குச் சொல்வதுபோல. “யர்ஹமுகல்லாஹ்! என்ன மாப்பிள்ளை, உன் ட்ரெய்லருக்கு ஜலதோஷமா?”

ட்ரெய்லர் தும்மித் தும்மியே நேராக வந்து நின்றது. ஒட்டகம் பம்பரை முகர்ந்து பார்த்தது. பிடிக்கவில்லைபோல, மெல்ல நடந்து போய்விட்டது.

உம்மு தைசீர் கையை நீட்டி நீல மணியைச் சூயிங்கத்தோடு உரித்தாள். அடியில் விளக்கு அணைந்திருந்தது.

“காலையில எரிஞ்சுதே?”

“நீங்க எப்போ பாத்தீங்க அத்தை?” என்றான் ஸுவைலிம்.

“நீ ரொட்டி வாங்கப் போனப்ப உரிச்சுப் பாத்தேன்டா. பின்பக்கக் கண்ணாடி வழியா ஒயரையும் பாத்தேன். இந்த வண்டியில ஒவ்வொரு விளக்கும் எதுக்குன்னு கேட்டுட்டுத்தான் நான் பணமே குடுத்தேன்.”

“அப்புறம் எதுக்கு அத்தை டீ டீன்னு உசிரை வாங்கினீங்க?”

“குடுக்குறியான்னு பாத்தேன். குடுத்திருந்தா மேட்டுலயே இறங்கி ஃபர்ராஜுக்குப் போன் போட்டிருப்பேன்.”

“அப்போ சாவி...?”

“உன்கிட்டயே இருக்கட்டும். கெட்டிலை எடு இங்க.”

“அதான் செத்துப்போச்சே அத்தை.”

“அடக்கம் பண்ண வேண்டாமா?”

கெட்டிலை மடியில் வைத்து, நீல மணியை அதன் மூடியில் ஒட்டிக்கொண்டு அகபா வரை வந்தாள். அது இன்றைக்கும் அவள் வீட்டில்தான் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் காட்டுகிறாள், டீயை மட்டும் அடுப்பில் போடுகிறாள்.