பத்தாவது கேஸ்

ஐம்பத்தைந்து புள்ளி இரண்டு. இதெல்லாம் ஒரு மார்க்கா? ஐம்பத்தைந்துக்குக் கீழே என்றால் விண்ணப்பத்தையே தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஜெஸ்மி மயிரிழையில் தொங்கிக்கொண்டிருந்தாள். தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு, மொத்தமே பத்து சீட்டு. தூத்துக்குடிக் கல்லூரி வராந்தாவில் உட்கார்ந்திருந்ததோ நாற்பத்தாறு பேர். அதில் பாதி எழுபதுக்கு மேல் வாங்கிய புண்ணியவதிகள்.

"ஏளா, மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க? மாதாவுக்கு நேந்திருக்கேன், கிடைச்சிரும்," என்றாள் ஷீஜா மைனி. ஆலந்தலையில் ஜெஸ்மிக்கு அடுத்த வீடு. துணைக்கு வா என்று யாரும் கூப்பிடவில்லை. காலையில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றுவிட்டாள். "நீ எங்க குடும்பத்துக்குச் செஞ்சதுக்கு இதுகூடச் செய்யலைன்னா நான் மனுசியா?" அந்தப் பேச்சு வந்தாலே ஜெஸ்மி வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

உள்ளே இரண்டு பேர். பிரின்சிபால் அம்மாவும், ஐ.சி.யூ. டாக்டர் ஒருவரும்.

"அனாடமியில ரெண்டு தடவை அரியர். ஏன்?" என்று பிரின்சிபால் ஆரம்பித்தார்.

தோழி ரம்யா இதற்குப் பதில் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்பியிருந்தாள். அப்பாவுக்குச் சீக்கு என்று சொல்லு, லேசாகக் கண்ணைக் கசக்கு. அப்பாவோ குத்துக்கல் மாதிரி வீட்டில் இருக்கிறார்!

"படிச்சேன் மேடம், மண்டையில ஏறல. வார்டுல ஆளப் பாத்த பெறவுதான் புரிஞ்சுது."

பிரின்சிபால் சிரிக்கவில்லை. டாக்டர் அவளுடைய ஃபைலைப் பிரித்தார். தான் கவனித்த பத்து நோயாளிகளின் கேஸை எழுதிக் கொண்டுவர வேண்டும் என்பது இங்கே விதி. ஒன்பதையும் விறுவிறுவென்று தள்ளிவிட்டுப் பத்தாவதில் நின்றார். ஐயோ, போயும் போயும் அதிலா! எண்ணிக்கை தேறணுமே என்று கடைசி நேரத்தில் சொருகியது அது.

"ரோச், முப்பத்தெட்டு வயசு. படகுல வழுக்கி விழுந்ததால ரெண்டு காலும் விளங்கலன்னு எழுதியிருக்கீங்க. முதுகெலும்புல அடி இல்ல, தோல்ல ஒரு கீறல்கூட இல்ல. இத நீங்க நம்புனீங்களா சிஸ்டர்?"

ரோச் அண்ணன், ஷீஜா மைனியின் புருஷன். சங்கு குளிக்கிறவர். கம்ப்ரசர் காற்றைக் குழாயில் இழுத்துக்கொண்டு ஆழத்தில் நேரங்கழித்துவிட்டு, சட்டென்று மேலே வந்தால் ரத்தத்தில் குமிழி அடைத்துக் காலை வாங்கிவிடும். இது அந்தத் தெருவில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கம்ப்ரசருக்குத் தடை, தெரிந்தால் அதிகாரிகள் படகைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்பதும் தெரியும். அதனால் ஆஸ்பத்திரிக்கு வந்தால் எல்லாருக்கும் ஒரே பாட்டுத்தான், வழுக்கி விழுந்தாச்சு. போன வருஷம் ஜெஸ்மி வேலை பார்க்கும் ஐ.சி.யூ.வில் வைத்து மைனி கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கம்ப்ரசர்னு மட்டும் யார்ட்டயும் சொல்லிராத, எழுதிராத தாயி." ஜெஸ்மியும் எழுதவில்லை.

இப்போது நம்பினேன் என்றால் மக்கு. நம்பவில்லை என்றால் கள்ளி. எப்படிப் போனாலும் சீட்டு அம்போதான்.

"நம்பல சார். பொய்யின்னு தெரிஞ்சேதான் எழுதுனேன்." கம்ப்ரசர் விவரத்தையும் சொன்னாள்.

"டூட்டி டாக்டர்ட்ட எப்ப சொன்னீங்க?"

"நாலு மணி நேரம் கழிச்சு. மூத்திரமும் நின்னு போச்சு, பயந்துபோய் வாயால மட்டும் சொன்னேன், எழுதல. அதுக்குப் பெறவுதான் குமிழியக் கரைக்க அழுத்த அறை இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாங்க."

"இப்ப நடக்காரா?"

"இல்ல சார்."

பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றினார். "இது தெரிஞ்சா உங்க வேலையே போயிரும், தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"இந்தப் படிப்பு படிச்சா, நீங்க எழுதுறத வச்சு சிகிச்சைய நீங்களேதான் முடிவெடுக்கணும்," என்றார் டாக்டர். "அந்த நாலு மணி நேரத்தையும் சேத்து உண்மைய எழுதி, கையெழுத்துப் போட்டு, உங்க ஆஸ்பத்திரியில குடுங்க. அந்த வீட்டுலயும் நீங்களே சொல்லுங்க. திங்கட்கிழமைக்குள்ள நகல் வந்தா உங்க பேர் லிஸ்ட்ல இருக்கும். வரலைன்னா இருக்காது."

வெளியே மைனி ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "கிடைச்சிட்டா?"

வீடு வரைக்கும் இதைச் சுமந்துகொண்டு போக ஜெஸ்மியால் முடியாது. வராந்தாவில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"இதுக்கா இப்படி நடுங்குத? படகத்தான் போன மாசமே வித்தாச்சே. எழுதிக் குடு போ," என்ற மைனி, பாதியில் நிறுத்தினாள். "அது என்ன நாலு மணி நேரம்? அப்பவே சொல்லியிருந்தா அவுக நடந்திருப்பாகளா?"

"நடந்திருக்கலாம் மைனி."

ஷீஜா கையை விட்டாள்.

"சொல்லாதன்னு நான்தான் சொன்னேன். நான் ஒண்ணும் தெரியாதவ, சொல்லத்தான் செய்வேன்," என்றாள். "நீ நர்சுல்லா?"