மேல கிளம்பறேன்

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் நின்றவரை டப்பிங் உலகில் 'கர்ஜனை' என்பார்கள். அப்படி ஒரு குரல். வெளியே வந்தால் தலையாட்டலும் ஒரு 'ம்'மும்தான். அடக்கமான மனிதர் என்று இயக்குநர் நினைத்திருந்தார். திக்குவாய் என்பது ஒலிப்பதிவாளருக்கு மட்டும் தெரியும். அடுத்தவர் எழுதிய வசனம் தண்ணீராக ஓடும். சொந்தமாக ஒரு காபி கேட்டு முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். பதினேழு வருஷத்தில் முதன்முறையாகக் கதாநாயகனுக்குப் பேசுகிறார். விஷயம் தெரிந்தால் மாலைக்குள் வேறு ஆள் வந்துவிடுவார்.

படம், நாட்டிலேயே முதலில் விமானம் ஓட்டிய பெரும் பணக்காரர் ஒருவரின் வாழ்க்கை. மூன்று விமானங்களையும் இரண்டு கல்யாணங்களையும் உடைத்தவர். கடைசிக் காலத்தில் அறையைப் பூட்டிக்கொண்டு கிடந்தாராம். அதை 'மௌனத் தவம்' என்று இயக்குநர் பேட்டிகளில் சொல்லிவந்தார். படத்தைவிடப் பேட்டி அவருக்கு நன்றாக வரும். ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட அந்தப் பணக்காரருடைய எழுபது வயது மகள் வந்து உட்கார்ந்திருந்தார்.

திரையில் மர விமானத்தின் விசிறி சுழன்றது. "பயம் என் பரம்பரையிலேயே கிடையாது. பறப்பேன்!" கண்ணாடி அதிர்ந்தது. இயக்குநர் பாராட்டை வாங்கிக்கொள்ளத் திரும்பினார். அந்தம்மா பேனாவை மூடினார்.

"எங்கப்பாவுக்கு 'ப'வுல ஆரம்பிக்கற வார்த்தை வராது தம்பி. உதட்டுலயே நின்னுடும். 'மேல கிளம்பறேன்'னுதான் சொல்வார். அம்மா ஒவ்வொரு தடவையும் அழுவாங்க."

அப்படி வைத்தால் தியேட்டரில் செத்துப்போவதாக நினைப்பார்கள் என்று இயக்குநர் கெஞ்சினார். அந்தம்மா அசையவில்லை. அறைக்குள் தவமும் இல்லை, மண்ணும் இல்லை. அப்பா மறுநாள் பேச வேண்டியதைப் பேசிப் பழகுவார், கதவோரம் நின்று கேட்டிருக்கிறேன் என்றார். "சொல்ல முடியாம நின்னதக் காட்டுங்க. போடறேன் கையெழுத்து."

இயக்குநர் பேசும் பொத்தானை அழுத்தினார். "அண்ணே, நெசமாவே அவருக்குத் திக்குமாம், அந்தம்மா சொல்றாங்க. 'பறப்பேன்'ல கொஞ்சம் திக்கணும். சாதாரணமா வேணாம், கம்பீரமாத் திக்குங்க."

திக்குவாய்க் காமெடிக்குக் கூப்பிட்டபோதெல்லாம் தொண்டை கட்டியிருப்பதாகச் சைகை காட்டித் தப்பித்தவர் கர்ஜனை. மைக் இருக்கும் இந்த நாலு சுவருக்குள் மட்டும் திக்கல் வந்ததில்லை. ஒரு தடவை உள்ளே விட்டால் மறுபடி வெளியே போகுமா? நாளைக்கு வைத்துக்கொள்ளலாமே என்றார் ஒலிப்பதிவாளர். இயக்குநர் காதில் விழவில்லை. கர்ஜனை, கண்ணாடி வழியே அந்தம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையாட்டினார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் நடிகர் வாயைத் திறந்தார். கர்ஜனையின் உதடுகள் ஒட்டின, பிரியவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. நடிகர் சொல்லி முடித்தார், விமானம் ஓடியது, தரையை விட்டது. இயக்குநர் சொக்கிப்போய்க் கட்டைவிரலை உயர்த்தினார். ஒலிப்பதிவாளரின் கை நிறுத்தும் பொத்தான்மேல் தயங்கி நின்றது. அந்தம்மா முன்னால் சாய்ந்தார். அப்பா சொல்லி முடிக்கக் காத்திருந்தே பழகிய அவருடைய உதடுகளும் மெல்ல ஒட்டிக்கொண்டன.